சனிக்கிழமை மழை பெய்யாத தோட்டம்

“மோசே மலையிலருந்து பத்துக் கட்டளைய எறக்கிக்கிட்டு நேரா ஹட்டனுக்கு வந்தாலும், ஒரு கமாவாவது திருத்தாம என் களஞ்சியத்துக்குள்ள விட மாட்டேன்.”

இப்படிப் பிரகடனம் செய்தவர் திருவாளர் ஜெரோமி. இடம், நுவரெலியாவில் ஒரு கணினி வகுப்பின் மேல்மாடி. ‘திறந்த மூல மென்பொருளும் நாமும்’ என்ற தலைப்பில் பேச அவரை அழைத்திருந்தார்கள். களஞ்சியம் என்றது இணையத்தில் அவருடைய நிரல் இருக்கும் இடத்தை; யாரும் திருத்தம் அனுப்பலாம், சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் இஷ்டம். சபையில் பாதிப்பேர் பேச்சு முடிந்ததும் கிடைக்கவிருந்த தேநீருக்கும் ரோல்ஸுக்கும் வந்தவர்கள். மீதிப்பேர் வெளியே மழை என்பதால் ஒதுங்கியவர்கள். இரண்டு காரணமும் இல்லாமல் வந்தவர் கிருஷாந்தி என்ற வட்டவளைப் பெண் ஒருவர்தான். புள்ளிவிவரம் படித்துவிட்டு, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில், எத்தனை விருந்தாளிகள் எத்தனை முட்டை சாப்பிட்டார்கள் என்று கூட்டிக்கொண்டிருந்தவர். பிரகடனத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். கிருஷாந்தி சிரிக்கவில்லை. அதை ஒரு அழைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஜெரோமியைப் பற்றி ஹட்டன் நகரம் அறிந்தது ஒன்று, உலகம் அறிந்தது இன்னொன்று. நகரத்துக்கு அவர் பஸ் நிலையத்துக்கு மேலே படியேறினால் வரும் கொமினிகேஷன் கடைக்காரர். அடையாள அட்டையை நகல் எடுப்பார், விண்ணப்பம் டைப் அடிப்பார், அடிக்கும்போதே வாடிக்கையாளரின் இலக்கணத்தையும் திருத்துவார். விடுமுறைக் கடிதம் அடிக்க வந்த ஒருவருடைய காய்ச்சலை ‘கடும் காய்ச்சல்’ என்று அவர் உயர்த்தியதில், அந்த மனிதர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றிதழ் கேட்கப்பட்டுத் தவித்த கதை ஊரறிந்தது.

உலகத்துக்கு அவர் ‘மழைக்கோடு’ என்ற மென்பொருளின் தந்தை. உலகம் என்றால், ஹட்டனைச் சுற்றிய ஏழெட்டுத் தோட்டங்களும், ஒருமுறை எதையோ திருத்தி அனுப்பிவிட்டு ஜெரோமியின் பதினொரு கேள்விகளைப் படித்ததும் காணாமற்போன ஜேர்மனிக்காரர் ஒருவரும்.

மழைக்கோடு செய்யும் வேலை சிறியது, பலன் பெரியது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் காலையில் மழைமானியைப் பார்த்து, போனில் அன்றைய அளவை அமுக்குவார். மூன்று நாள் மழையைக் கூட்டி மென்பொருள் படம் போடும். தூண் உயர்ந்தால், மண்மேட்டுக்குக் கீழே தொழிலாளர் லயத்தில் இருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுவார்கள். இதுவரை இரண்டு முறை போயிருக்கிறார்கள். ஒரு முறை மண்ணும் வந்தது. அதனால் இந்தக் கதையில் மழையைப் பற்றி மட்டும் கேலி கிடையாது.

ஆனால் அதைச் சேமித்த முறையைப் பற்றி உண்டு. தோட்டத்துக்கு ஒரு கோப்பு. கோப்பில் ஒரே ஓர் எண்: இன்றைய மழை. நாளைக்கு அதே இடத்தில் நாளைய எண் உட்காரும். அப்படியானால் நேற்றைய மழை எங்கே? அதுதான் ஜெரோமியின் மேதைமை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை எல்லாம் ஒரு வெளிநாட்டுத் தளம் தானாகவே பதிந்து வைத்திருந்தது. இதற்கு மாற்ற வரலாறு என்று பெயர். ஒன்பது வருட மழையும் அந்த வரலாற்றுக்குள்ளேதான் இருந்தது, வேறெங்கும் இல்லை.

“ஊரே மழைய எழுதி வைக்கும். நீங்கதான் எழுதி எழுதி அழிக்கிறீங்க” என்று அவருடைய மனைவி சிசிலி ஆரம்பத்திலேயே சொன்னார். சிசிலி டிக்கோயா ஆஸ்பத்திரியில் தாதி. நோயாளியின் காய்ச்சலை நேரத்தோடு சேர்த்து எழுதிப் பழகியவர். ஜெரோமி அதற்கு, இது நவீன முறை, உனக்குப் புரியாது என்று பதிலளித்ததாக வரலாறு கூறுகிறது. அந்த வரலாறு சிசிலியின் வாய்வழி வந்தது, எனவே நம்பத்தக்கது.

அந்த வெளிநாட்டுத் தளம் ஒருநாள் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. பழைய முறைக் களஞ்சியங்களை இந்த மாத இறுதியோடு மூடுகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஒன்பது வருட மழைக்கு மாதக் கடைசிவரை தவணை.

எவரும் பதறியிருப்பார்கள். ஜெரோமி குதித்தார். உலகமெல்லாம் ‘கிட்’ என்ற புதிய முறைக்கு மாறிப் பல காலமாகியும், மாறுவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் ஏங்கியிருந்தவர் அவர். பௌர்ணமிக்குப் போயா விடுமுறை வந்தது. கடைக்கு ‘மூடப்பட்டுள்ளது: வரலாற்று வேலை’ என்று பலகை மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு இருவர், வரலாறு டியூஷன் எப்போது ஆரம்பிக்கிறது என்று விசாரித்துப் போனார்கள்.

முதல் வேலை பேர். பழைய தளத்தில் ஆட்கள் செல்லப்பெயரில் பதிந்திருந்தார்கள். புதிய முறைக்கு ஒவ்வொருவரின் முழுப்பெயரும் வேண்டும். ஜெரோமி வரிசையாகப் போன் எடுத்தார். முழுப்பெயரைக் கேட்டதும் ஒருவர் தேர்தலா என்றார், ஒருவர் நிவாரணமா என்றார், ஒருவர் எந்தப் பெண் வீட்டார் விசாரிக்கிறார்கள் என்றார். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் யோகேஸ்வரன் மட்டும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கு விழும் கணக்கு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான்.

“ஒம்பது வருஷம் மழைய அளந்திருக்கேன் தம்பி. எனக்கு எத்தன பேர் போடப் போறீங்க?”

“ஒரே பேர்தாண்ணே. ஒங்க பேர்.”

“அதையாச்சும் முழுசா போடுங்க. அரைப்பேராக்கிப்புடாதீங்க.”

பிறகு இடமாற்றம் தொடங்கியது. கட்டளையைத் தட்டியதும் திரையில் பழைய மழை ஒவ்வொன்றாக ஓடிவரத் தொடங்கியது. முதல் வருடத்தின் முதல் தூறல் வந்தபோது ஜெரோமி எழுந்து நின்றார். ஆடி மாதக் காற்று மழை வந்தபோது சிசிலியைக் கூப்பிட்டார். பெரிய மழை வருடம் வந்தபோது ஜன்னலைத் திறந்து, கீழே கடலை வறுத்துக்கொண்டிருந்தவரிடம் “வருது, வருது” என்றார். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பொலித்தீன் போட்டார். மத்தியானத்துக்குள் வரலாறு முழுவதும் புது வீட்டில் குடியேறிவிட்டது. பதிவுகளின் எண்ணிக்கை அங்கும் இங்கும் ஒன்றே. ஜெரோமி அன்று மாலையே எல்லாத் தோட்டத்துக்கும் செய்தி அனுப்பினார்: வரலாறு பத்திரமாக வந்து சேர்ந்தது, ஒரு துளியும் சிந்தவில்லை.

இனி கிருஷாந்தியிடம் வருவோம். இவ்வளவு காலமும் அவர் சும்மா இருக்கவில்லை. மழைக்கோடு போட்டுவந்த தூண் படத்தில் எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று தெரியாது என்பதைக் கவனித்து, புதிதாக ஒரு படத்துக்கு நிரல் எழுதி அனுப்பியிருந்தார். நாட்காட்டி போல ஏழு வரிசை, கிழமைக்கு ஒன்று. நாளுக்கு ஒரு கட்டம். மழை கூடக் கூடக் கட்டத்தின் நீலம் கறுக்கும். ஒரே பார்வையில் ஒரு தோட்டத்தின் ஒரு வருட மழையும் கண்ணுக்கு முன்னே விரிந்துவிடும்.

அழகான படம். ஜெரோமிக்கும் அது தெரியும். அதனாலேயே கடுமையாகத் திருத்தினார். முதல் சுற்றில் மாறிகளின் பெயர்கள் சுருக்கமாக இருக்கின்றன என்றார். கிருஷாந்தி நீட்டினார். அடுத்த சுற்றில் இந்த நீலம் கடலோர நீலம், மலைநாட்டு மழைக்குச் சாம்பல் கலந்த நீலமே பொருந்தும் என்றார். கிருஷாந்தி சாம்பல் கலந்தார். பிறகு ‘மிமீ’ என்பதில் புள்ளிகள் இல்லை என்றார். புள்ளிகள் வந்தன. அப்புறம், பெயர்கள் மிகவும் நீளமாக இருக்கின்றன என்றார்.

அதற்குக் கிருஷாந்தி எழுதிய பதில் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது: “சேர், முதலில் சுருக்கம் கூடாது என்றீர்கள், இப்போது நீளம் கூடாது என்கிறீர்கள். நடுவில் ஒரு இடம் காட்டினால் அங்கேயே நின்றுகொள்கிறேன்.”

ஜெரோமி ரசித்தார். ஆனால் இடம் காட்டவில்லை.

வரலாறு குடிபெயர்ந்த மறுநாள், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, கிருஷாந்தியின் நிரலைப் புதிய களஞ்சியத்தின் மீது முதன்முறையாக ஓட்டினார். வட்டவளை வந்தது, சரி. மற்றத் தோட்டங்களும் சரி. யோகேஸ்வரனுடைய தோட்டம் வந்தது. ஜெரோமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை வரிசை முழுக்க வெள்ளை. அந்த வருடம் மட்டுமல்ல, ஒன்பது வருடமும். ஞாயிற்றுக்கிழமை வரிசையோ இரண்டு நாள் மழையைக் குடித்ததுபோல் கறுத்திருந்தது.

ஜெரோமிக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இத்தனை காலமும் கமாவையும் நிறத்தையும் திருத்தி அலுத்திருந்தவருக்கு, முதன்முறையாக ஒரு நிஜமான பிழை அகப்பட்டிருந்தது. சிசிலியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“சனிக்கிழமைன்னா மழையே இல்லியா? சனிக்கிழம வேல செய்யாத ஓய்வுநாள் சபையில சேர்ந்திருச்சோ என்னவோ” என்று சொல்லிவிட்டு சிசிலி வேலைக்குப் போய்விட்டார்.

ஜெரோமி உட்கார்ந்து நீண்ட விமர்சனம் எழுதினார். கிழமையைக் கணக்கிடும்போது வாரத்தின் தொடக்கத்தைக் கவனிக்காவிட்டால் இப்படித்தான் ஒரு நாள் இன்னொரு நாளின் மடியில் போய் விழும் என்றும், இது தொடக்கநிலையில் உள்ளவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு என்றும், மனம் தளரக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். அறிவுரையில் ஒரு எழுத்துப்பிழையும் இல்லை. இரண்டு முறை பார்த்தார்.

மாலையில் பதிலுக்குப் பதிலாகப் போனே வந்தது. கிருஷாந்தி அமைதியாகப் பேசினார். பிழை வாரத் தொடக்கத்தில் என்றால் எல்லாத் தோட்டத்திலும் சனிக்கிழமை காய வேண்டும், ஏன் ஒரு தோட்டத்தில் மட்டும் காய்கிறது என்று கேட்டார். பிறகு, இதே நிரலைப் பழைய தளத்தின் மீது இப்போதுதான் ஓட்டிப் பார்த்ததாகவும், அங்கே அந்தத் தோட்டத்தில் சனிக்கிழமையும் நன்றாகவே பெய்திருப்பதாகவும் சொன்னார்.

“என் கோட் மாறல சேர். மாறினது உங்க வரலாறு.”

ஜெரோமி, பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். வைத்த கையோடு யோகேஸ்வரனை எடுத்தார். ஒரு மனிதன் தன் பிழையை ஒப்புக்கொள்வதற்கு முன் சந்தேகிக்க வேண்டியவர்கள் இன்னும் மிச்சமிருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் மழைமானியைப் பார்ப்பதில்லையா என்று அவர் கேட்ட தொனியில் யோகேஸ்வரனுக்குக் கோபம் வந்தது.

“என்னா தம்பி பேசுறீங்க. மக கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டுத்தான் மாப்பிள்ளைய அழைக்கப் போனேன். வேலநாள்னா பெரட்டுக்கு ஆளு கூடுறதுக்கு முந்தி நான் அங்க நிக்கணும். அஞ்சு மணிக்கே டோர்ச் அடிச்சுப் பாத்து அனுப்பிட்டு எறங்கிருவேன். ஞாயித்துக்கெழம பெரட்டு இல்ல, எட்டு மணிக்கு ஆறுதலா பாப்பேன். ஒங்களுக்கு இன்னும் என்னா வேணும்?”

ஜெரோமிக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய தளம் நேரத்தை உலக நேரத்தில்தான் பதிந்திருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பழைய தளத்திலிருந்து நேரே படித்துவந்த காலம்வரை, மழைக்கோடு அதை உள்ளூர் நேரமாக மாற்றிக்கொண்டது. போயா தினத்தன்று அந்த ஒரு மாற்றத்தைச் சொல்ல ஜெரோமி மறந்திருந்தார். கட்டளையில் ஒரு சொல்தான். மற்றத் தோட்டங்களில் விடிந்து எட்டு மணிக்கு மேல் பார்ப்பதால் அங்கே நாள் மாறவில்லை. யோகேஸ்வரன் காலை ஐந்து மணிக்கு அனுப்பியதோ உலக நேரத்தில் முந்தின நாள் இரவு. ஆகவே திங்கட்கிழமை மழை ஞாயிறுக்குப் போய், அங்கே ஏற்கெனவே எட்டு மணிக்கு வந்திருந்த ஞாயிறு மழையோடு சேர்ந்துகொண்டது. செவ்வாய் திங்களுக்குப் போனது. சனி வெள்ளிக்குப் போனது. சனிக்கிழமைக்கு வர யாருமில்லை. விடியற்காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் ஒரு தோட்டத்துப் பெரட்டு ஒன்பது வருட மழையை ஒருநாள் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. மூன்று நாள் மழையைக் கூட்டிப் பாயைச் சுருட்டுகிற ஊரில் ஒருநாள் என்பது விளையாட்டல்ல. மூன்று நாளைச் சேர்த்துக் காட்டும் பழைய தூண்களில் இதை யாரும் கண்டிருக்கவே முடியாது.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பழையது மூடிவிட்டால், எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் எதுவும் மிஞ்சாது. ஜெரோமி யோகேஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் “ஒங்க பேர அரைப்பேராக்கிட்டேண்ணே, சரி பண்ணிர்றேன்” என்று அவர் சொன்னதைக் கடையில் நகல் எடுக்க நின்றவர் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை எல்லாத் தோட்டத்துக்கும் செய்தி போனது: கொஞ்சம் சிந்தியிருக்கிறது, துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு விடுபட்ட அந்த ஒரு சொல்லோடு இடமாற்றம் மறுபடி தொடங்கியது. இம்முறை தளம் ஊர்ந்தது. உலகத்துச் சோம்பேறிகள் எல்லோரும் அன்றைக்கென்று தங்கள் வரலாற்றை அள்ள வந்திருந்தார்கள். மூன்றாம் வருடம் வரை வந்ததும் கடை இணைப்பு படுத்துவிட்டது. சிசிலியின் போனில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும் நன்றாகப் பிடிக்கும். வேலைக்குக் கிளம்பி வெள்ளைச் சீருடையில் நின்ற சிசிலி, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். ஒவ்வொரு வருடம் வரும்போதும் ஜெரோமி உரக்க அறிவித்தார். டிக்கோயா பஸ் ஒன்று கீழே வந்து, ஹோர்ன் அடித்து, போனது.

“இன்னும் எத்தன வருஷம்?” என்றார் சிசிலி.

“நாலு.”

“கைய மாத்திக்கிறேன். நீங்க கத்தாம இருங்க, போன் நழுவப் போகுது.”

இரண்டாவது பஸ்ஸும் போனது. பெரிய மழை வருடம் வந்து ஏழெட்டு நிமிடம் அப்படியே நின்றது. கடலைக்காரர் கீழேயிருந்து அண்ணாந்து, “வருதாங்க?” என்றார். வந்தது. பிறகு சரசரவென்று மிச்ச வருடங்களும் வந்து, இன்றைய காலை வரை இறங்கி நின்றது. சிசிலி போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக ஓட்டோ பிடிக்கப் போனார்.

ஜெரோமி கிருஷாந்தியின் நிரலை ஓட்டினார். வட்டவளை. அடுத்தது, அடுத்தது. யோகேஸ்வரனின் தோட்டம். சனிக்கிழமை வரிசையில் ஒவ்வொரு கட்டமாக நீலம் ஏறியது. சாம்பல் கலந்த நீலம். ஞாயிற்றுக்கிழமை தன் பங்கு மழையோடு அடங்கியது. அதே நிரலைப் பழைய தளத்தின் மீதும் ஓட்டி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தார். கட்டத்துக்குக் கட்டம் ஒன்று. அவர் கைதட்டினார். கடையில் யாரும் இல்லை, அதனால் இன்னொரு முறையும் தட்டினார்.

பிறகு கிருஷாந்தி தன் நிரலைச் சேர்க்கக் கேட்டிருந்த பக்கத்தைத் திறந்தார். தன் நீண்ட விமர்சனத்துக்குக் கீழே, பிழை என்னுடையது, வரலாற்றைத் திரும்ப எடுத்துவிட்டேன், சனிக்கிழமை பெய்கிறது என்று எழுதினார். அதன்பின் நிரலை முதல் வரியிலிருந்து படித்தார். மெதுவாகத்தான் படித்தார், பழக்கம். நிரலின் நடுவில் ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது. ‘ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரிசை சனிக்கிழமை கடைசி.’ வரிசைக்குப் பிறகு ஒரு கமா வேண்டும். தெளிவாக வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெரோமியின் விரல் அந்த இடத்துக்குப் போனது. கர்சர் கோடு கமா விழ வேண்டிய இடத்தில் நின்று சிமிட்டியது. வெளியே பஸ் நடத்துனர் நுவரெலியா, நுவரெலியா என்று கூவிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தைக் கீழே தள்ளி, கிருஷாந்தியின் நிரலைக் களஞ்சியத்தில் இணைக்கும் பொத்தானை அமுக்கினார். படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. அடையாள அட்டை நகல், இரண்டு பக்கமும் வேண்டுமாம். ஜெரோமி எழுந்து இயந்திரத்தைப் போட்டார்.